உப்புத்தாள் வாங்கி வா, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு அப்போதே ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். உப்பளத்துக் கங்காணி வண்டிக்குப் பங்குனியில் ஒரு புதுப் பேட்டரி, ஆடியில் இன்னொன்று போட்டுவிட்டாய். இப்போது புரட்டாசியில் மறுபடியும் செல்ஃப் எடுக்கவில்லை என்று மனுஷன் முத்தையாபுரம் வரைக்கும் உருட்டிக்கொண்டே வந்திருக்கிறார். "அண்ணாச்சி, பேட்டரி எல்லாம் இப்ப சரியா வரதில்லையோ?" என்று கேட்டாய். ஆறு மாதத்துக்குள் இரண்டு பேட்டரி செத்தால் பேட்டரியைச் சந்தேகப்படக் கூடாது, வண்டியைத்தான் சந்தேகப்படணும். அந்த ஒரு வரி போதும்தான். ஆனால் என் பட்டறையில் இரண்டு வருஷம் நின்றவன் நீ. இதைச் சரியாகச் சொல்லிக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன் என்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். உன்னைப் போலப் புதிதாகக் கடை போட்ட மற்ற பையன்களும் படிக்கட்டும்.

முதலில் என் கதை ஒன்று. கடை போட்டு இரண்டாம் வருஷம். துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் குறிக்கிற டாலி கிளார்க் வேலை பார்த்த ஒருத்தர், செல்ஃப் அமுக்கினால் டிக் டிக் என்று சத்தம் வருகிறது, வண்டி எடுக்க மாட்டேன் என்கிறது என்று வந்தார். ஹெட்லைட் போட்டுப் பார்த்தேன், பளிச்சென்று எரிந்தது. ஒயரிங்கில் கோளாறு இல்லை என்று முடிவு கட்டிப் பேட்டரியை மாற்றினேன். பத்து நாளில் திரும்பி வந்தார். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றினேன். மறுபடியும் வந்தார். அப்போது பக்கத்துக் கடையில் லாரி ஒயரிங் பார்த்த பெரியவர் ஒருத்தர் எழுந்து வந்தார். கட்டை விரல் தடிமனில் ஒரு ஒயரை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்தார், மறு முனையை எஞ்சின் பாடியில் அழுத்திப் பிடித்தார். "இப்ப அமுக்குலே" என்றார். ஒரே அமுக்கில் வண்டி எடுத்துவிட்டது. பேட்டரி நெகட்டிவ் ஒயர் போய்ச் சேருகிற எர்த் போல்ட்டைக் கழற்றினால், வாஷருக்கு அடியில் உப்பு தின்று துரு மாவாக உதிர்ந்தது.

பிரஷ் மாற்றிய கூலியை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். டாலி பார்க்கிற ஆள் இல்லையா, எண்ணிப் பார்த்து, துண்டுச் சீட்டில் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சீட்டு இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது.

ஹெட்லைட் ஏன் என்னை ஏமாற்றியது என்று கணக்குப் போட்டுப் பார். துரு ஏறிய அந்த இணைப்பில் 0.05 ஓம் தடை இருந்தது என்று வைத்துக்கொள். 35 வாட் பல்பு இழுப்பது 3 ஆம்பியர். அந்தத் தடையில் தொலைவது 0.15 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. செல்ஃப் மோட்டாரோ 50 ஆம்பியர் பக்கம் இழுக்கும். அதே தடையில் இப்போது இரண்டரை வோல்ட் போய்விடுகிறது. மீதியை வைத்துக்கொண்டு மோட்டார் என்ன சுற்றும்? லைட் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, அதனால் ஒயரிங் நல்லாயிருக்கிறது என்று சொல்கிற பழக்கத்தை இன்றோடு விடு. டெஸ்ட் லாம்புக்கும் இதே கதைதான்.

வண்டி வந்ததும் ஸ்பேனரை எடுக்காதே. சொந்தக்காரரிடம் நாலு கேள்வி கேள். ராத்திரி எங்கே நிற்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, கடைசியாக எவன் கை வைத்தான், புதிதாக என்ன மாட்டினார்கள். பிறகு நீயே சாவியைப் போட்டுப் பட்டனை அமுக்கிக் காதைக் கொடு. டிக்டிக்டிக் என்று ரிலே துடித்தால் பேட்டரி வீக், இல்லை டெர்மினலிலோ எர்த்திலோ அடைப்பு. ஒரே ஒரு டக், அதோடு அமைதி என்றால் ரிலேயின் உள் காண்டாக்ட் அல்லது மோட்டார். சத்தமே இல்லையென்றால் பியூஸ், கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச், நியூட்ரல் என்று வரிசையாகப் போ. சைடு ஸ்டாண்டை எடுக்காமல் அரை மணி நேரம் ஒயரிங் பிரித்த பையன் ஒருவனை எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். விர்ரென்று மோட்டார் மட்டும் சுற்றி எஞ்சின் அசையாவிட்டால் ஒன்வே கிளட்ச். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் எடுக்காவிட்டால் பேட்டரிப் பக்கமே போகாதே. அது பிளக், பெட்ரோல், காற்று விவகாரம்.

இதற்கு அடுத்துதான் மீட்டர். நம் ஊரில் முத்துக் குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்று எடுத்தவனுக்கும் தெரியாது, விற்றவனுக்கும் தெரியாது. 1961-க்குப் பிறகு அந்தக் குளிப்பு நடக்கவில்லை. ஆனால் குளிப்பை அறிவிப்பதற்கு முன் அரசாங்கம் ஒரு காரியம் செய்யும். கடலடி முத்துப் பாரிலிருந்து மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து, திறந்து, வியாபாரிகளை வைத்து முத்துக்கு மதிப்புப் போட்டுப் பார்க்கும். சீல் வைத்து வருகிற மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரியும் திறக்காத சிப்பிதான். அதற்கு மதிப்புப் போட உன்னிடம் மல்டிமீட்டர் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஏலம் எடுத்தவன் மாதிரி குத்துமதிப்பாகப் பேட்டரி மாற்றுவது உனக்கு அழகில்லை.

ஓடி வந்த வண்டியில் உடனே அளந்தால் மீட்டர் பொய் சொல்லும். சில மணி நேரம் ஆற விடு. அவசரமென்றால் இரண்டு நிமிஷம் லைட்டைப் போட்டு அணைத்துவிட்டு அள. 12.6-க்கு மேலே இருந்தால் நிறைவு. 12.4 முக்கால், 12.2 பாதி, 12-க்கு வந்துவிட்டால் கால் பங்குதான் மிச்சம். ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டும் 10.5-லேயே நிற்கிறதென்றால் ஆறு செல்லில் ஒன்று போய்விட்டது. செல் ஒன்றுக்கு 2.1 என்று ஐந்தால் பெருக்கிப் பார், அதே எண் வரும். அதற்குச் சிகிச்சை கிடையாது, மாற்று. தண்ணி ஊற்றுகிற பழைய பேட்டரியாக இருந்தால் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார். ஒரு செல்லுக்கும் இன்னொரு செல்லுக்கும் 0.050 வித்தியாசம் வந்தால் அதுவும் முடிந்த கேஸ்தான்.

சும்மா இருக்கும்போது 12.6 காட்டிய பேட்டரி, பட்டனை அமுக்கும்போது என்ன காட்டுகிறது என்பதுதான் முக்கியம். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியில் பலமில்லை. பத்துக்கு மேலே நின்றும் மோட்டார் முக்கினால் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் எங்கோ திருட்டு நடக்கிறது. மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலேயே வை, சிவப்பு முனையை எஞ்சினில் வை, பட்டனை அமுக்கச் சொல். 0.2, 0.3 வரை பரவாயில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தில் அடைப்பு. இதே மாதிரி பாசிட்டிவ் பக்கம் ரிலே வரைக்கும், ரிலேயின் இரண்டு போல்ட்டுக்கு நடுவில், ரிலேயிலிருந்து மோட்டார் வரைக்கும். மொத்தம் ஐந்து நிமிஷ வேலை. அந்தப் பெரியவர் தடிமன் ஒயரை வைத்துச் செய்ததும் இதுதான். அவரிடம் மீட்டர் கிடையாது, அவ்வளவுதான்.

டெர்மினலை உரசி நெருப்புப் பொறி பார்ப்பதை மட்டும் செய்யாதே. நான் வருஷக்கணக்கில் செய்தவன், அதனால் சொல்ல எனக்கு உரிமை உண்டு. சார்ஜ் ஏறுகிற பேட்டரி ஹைட்ரஜன் விடும். பொறி பட்டால் மூடி பறக்கும், ஆசிட் முகத்தில் அடிக்கும். வண்டி ஓடும்போதே டெர்மினலைக் கழற்றிச் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்ப்பதும் பழைய காலத்து வித்தை. இப்போதைய வண்டியில் அதைச் செய்தால் ஈசியு போய்விடும். பிறகு பேட்டரி விலை உனக்குச் சிரிப்பாகத் தெரியும்.

இனி நம் ஊர் விஷயம், உப்பு. மதுரைக்காரனுக்கோ கோயம்புத்தூர்க்காரனுக்கோ இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்துக்கு உள்ளே நிற்கிற வண்டிக்கு இரு பக்கமும் கடல். அளத்துக்குப் போகிற வண்டி உப்பு அம்பாரத்து ஓரத்திலேயே நிற்கிறது. பகலில் காய்ந்து கிடக்கிற உப்பு அவ்வளவாகக் கெடுதல் செய்யாது. காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் அது தானாகவே தண்ணியை இழுத்துக் கரைசலாகிவிடும். அந்த அளவு ஈரம் நம் ஊரில் ராத்திரியும் விடியற்காலையும் சர்வ சாதாரணம். ஆக, நீ தூங்கும்போதுதான் உன் வாடிக்கையாளர் வண்டியின் செம்பும் இரும்பும் கரைகின்றன. கப்ளரைப் பிரித்துப் பார். பேட்டரி முனையில் வெள்ளைப் பொடி இருந்தால் ஆசிட் கசிவு. செம்பில் பச்சை பூத்திருந்தால் அது உப்பின் வேலை. பச்சையைச் சுரண்டிவிட்டால் போதும் என்று நினைக்காதே. பிளாஸ்டிக் உறைக்குள்ளே ஒயர் கறுத்து மாவாகி ஒரு ஜாண் தூரம் வரை ஏறியிருக்கும். செம்பு மின்னுகிற இடம் வருகிற வரைக்கும் வெட்டு, புது முனை வைத்து அழுத்து. சும்மா முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழைக்கு அதுவே புது வியாதி.

எர்த் போல்ட்டைக் கழற்றி, சேசிஸில் பெயிண்ட் போகிற வரைக்கும், இரும்பு வெளிச்சம் தெரிகிற வரைக்கும் உப்புத்தாள் போடு. முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவு; முறுக்குவதற்கு முன்னால் பெயிண்ட் அடித்தால் நீயே தடையை உண்டாக்குகிறாய். வெள்ளைப் பொடிக்கு வெந்நீரும் ஆப்ப சோடாவும் போதும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இது உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

வாட்டர் சர்வீஸ் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நம் பக்கத்தில் பாதி இடத்தில் போர் தண்ணி உப்பு. அந்தத் தண்ணியை பிரஷரில் அடித்து வண்டியைக் கழுவுகிறோம் என்கிறார்கள். காற்று ஒரு வருஷத்தில் கொண்டு வருகிற உப்பை அவர்கள் அரை மணி நேரத்தில் கப்ளருக்குள் ஏற்றிவிடுகிறார்கள். உன் கடையில் கழுவினால் வல்லநாட்டுக் குழாய்த் தண்ணி ஒரு வாளி போதும், துணியால் துடை. ஆனால் அந்த வல்லநாட்டுத் தண்ணியையும் பேட்டரிக்குள் ஊற்றிவிடாதே. அங்கே டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். கேன் தண்ணியும் வேண்டாம், ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணியும் வேண்டாம். அளவு குறைந்தால் ஆசிட் சேர்ப்பதும் வேண்டாம், போனது தண்ணிதான்.

பேட்டரி நல்லது, எர்த் நல்லது, வண்டியும் எடுத்துவிட்டது என்றாலும் வேலை பாதிதான் முடிந்தது. எஞ்சினை ரேஸ் பண்ணி, 4000 சுற்று வைத்து, பேட்டரி முனையில் அள. 13.8-லிருந்து 14.5 வரை இருக்கணும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போச்சு, பேட்டரியை வேக வைத்துவிடும். 13-க்குக் கீழேயே நின்றால் உடனே மேக்னட் காயில் என்று தீர்ப்புச் சொல்லாதே. ரெக்டிஃபையர் வாயில் அளந்து பார். அங்கே 14.2, பேட்டரியில் 12.9 என்றால் நடுவில் 1.3 வோல்ட்டை ஒயரும் கப்ளரும் தின்கின்றன. காயில் மாற்றச் சொல்லிக் காசு வாங்குவது பாவம்.

கங்காணி வண்டியில் எனக்குச் சந்தேகம் இங்கேதான். அளத்து வேலை வெயிலுக்கு முன் முடியணும் என்று விடியற்காலை மூன்று மணிக்கே கிளம்புகிற ஆள். வீட்டிலிருந்து அளம் நாலு கிலோமீட்டர் இருக்கும், அதுவும் வரப்பு மாதிரிப் பாதையில் இரண்டாம் கியரில். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க வழியில்லை. மெதுவான ஓட்டத்தில் காயில் தருகிற கொஞ்சத்தை லைட் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைத்தான் பேட்டரிக்கு விடுகிறது. அதிலும் 1.3 வோல்ட் வழியில் தொலைந்தால் அந்தப் பேட்டரிக்கு வயிறு நிறைந்த நாளே கிடையாது. அரைகுறை சார்ஜில் கிடக்கிற ஈயத் தகட்டில் சல்பேட் இறுகிப் படிந்து கெட்டிப்பட்டுவிடும். நம் ஊர் வெக்கையில் அது இன்னும் வேகம். நீ போட்ட இரண்டு பேட்டரியும் இப்படிப் பட்டினியில் செத்தவையாகத்தான் இருக்கணும்.

பழைய ஆட்களுக்கு இது புரியாது. அவர்கள் காலத்தில் பேட்டரியே இல்லாமல் கிக்கரை உதைத்தால் வண்டி எடுத்தது. பொறிக்கு வேண்டியதை மேக்னட்டே கொடுத்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோலைப் பம்ப்பு தள்ளணும், ஈசியு கணக்குப் போடணும், இரண்டுக்கும் பேட்டரி வேணும். பல வண்டிகளில் கிக்கரையே எடுத்துவிட்டார்கள். சாவியைத் திருப்பியதும் உஸ் என்று இரண்டு விநாடி பம்ப்பு சத்தம் வருகிறதா என்று கேள். வராவிட்டால் தள்ளி ஸ்டார்ட் பண்ணினாலும் பலனில்லை.

இன்னொரு வகை, நிற்கிற வண்டி. பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குத் தோணியில் போகிறவர்கள் திரும்பி வர ஒரு மாதம்கூட ஆகும். வண்டி வீட்டு வாசலில் நிற்கும். வந்து அமுக்கினால் உயிர் இருக்காது. நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து நடுவில் கோர்த்துப் பார். அந்த நேரம் மறந்தும் செல்ஃபை அமுக்காதே, மீட்டர் பியூஸ் போய்விடும். சும்மா நிற்கிற வண்டி இரண்டு மூன்று மில்லி ஆம்பியர் இழுத்தால் நியாயம். திருட்டுக்குப் பயந்து மாட்டிய ஜிபிஎஸ் கருவி 20 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வை. ஒரு நாளைக்கு 480 மில்லி ஆம்பியர் மணி. 5 ஆம்பியர் மணி பேட்டரி பத்தே நாளில் காலி, தோணி மாலேயில் சரக்கை இறக்கி முடித்திருக்காது. கிளம்புகிற அன்றைக்கு நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் போகச் சொல். வீட்டம்மாவுக்கும் அதைக் காட்டிக்கொடு. இதற்குக் காசு வாங்காதே.

2023 டிசம்பர் 17, 18 உனக்கு மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒரு வாரம் கழித்து நம் கடை வாசலில் நின்ற வண்டிகளின் வரிசை உன் கண்ணில் நிற்கும். அப்போது நீ வந்து சேர்ந்து மூன்று மாதம். வந்தவர்கள் எல்லாரும் முதலில் செய்தது செல்ஃப் அமுக்கியதுதான். சிலிண்டருக்குள் தண்ணி நின்றால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். அதனால்தான் பிளக்கைக் கழற்றிவிட்டு முதலில் சுற்று, ஆயிலை இறக்கிப் பால் கலந்த மாதிரி இருக்கிறதா பார் என்று கத்திக்கொண்டே இருந்தேன். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணி சேர்ந்தால் எத்தனாலும் தண்ணியோடு போய் அடியில் தங்கிவிடும், பம்ப்பு அதைத்தான் உறிஞ்சும். டேங்கைக் காலி பண்ணாமல் பிளக்கைத் துடைத்து என்ன பயன்?

அப்போது நான் ஒன்றில் கோட்டை விட்டேன். எடுத்து ஓட்டிவிட்டார்களே என்று பல வண்டிகளில் கப்ளரைப் பிரிக்காமல் அனுப்பினேன். அந்த வண்டிகள் சித்திரையில் ஒவ்வொன்றாகத் திரும்பின. சார்ஜ் ஏறவில்லை, மீட்டர் அணைகிறது, இண்டிகேட்டர் போட்டால் ஹாரன் அடிக்கிறது. உள்ளே காய்ந்த வண்டல் அப்படியே இருந்தது.

செத்த பேட்டரியை என்ன செய்கிறாய் என்றும் கேட்கணும். ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடுகிற பையன்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதே. வாங்கிய டீலரிடமே கொடு, பழையதற்கு விலை கழிப்பார், அந்தக் கழிவை வாடிக்கையாளர் பில்லில் காட்டு. சார்ஜ் போடுவதிலும் அவசரம் வேண்டாம், கார் பேட்டரிக்கு வைத்திருக்கிற சார்ஜரில் 5 ஆம்பியர் மணி பேட்டரியைப் போட்டு அரை மணியில் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்காதே. அதற்கு அரை ஆம்பியர், பத்து மணி நேரம். காத்திருக்க முடியாதவர் வேறு கடைக்குப் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கங்காணி வண்டியை இங்கே தள்ளிக்கொண்டு வா. ரெக்டிஃபையர் கப்ளரையும் எர்த் போல்ட்டையும் இரண்டு பேரும் சேர்ந்து பிரிப்போம். அவரையும் கூட்டி வா, அவர் கண் முன்னாலேயே மீட்டரைக் காட்டிவிடலாம். அது வரைக்கும் மூன்றாவது பேட்டரி வாங்கிவிடாதே. வருகிற வழியில் 120 நம்பர் உப்புத்தாள் நாலு வாங்கிக்கொண்டு வா, என்னிடம் தீர்ந்துவிட்டது.

இப்படிக்கு,
உன் அண்ணாச்சி